ஒரே கோரஸ், ரெண்டு பாட்டு, ஒரே வருஷம்

போனி டைலர் பாடுன 'இஃப் யூ வேர் எ வுமன்' பாட்ட யூடியூப்ல போட்டு கோரஸ் வர்ற வரைக்கும் கேளுங்க, கேட்ட கையோட பான் ஜோவி பேண்டோட 'யூ கிவ் லவ் எ பேட் நேம்' போடுங்க. ரெண்டும் 1986. ரெண்டு கோரஸும் ஒரே மெட்டு. ஏதோ சாயல் தெரியுதுன்னு சொல்ற அளவுல இல்ல, அதே கார்டு (சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டம்), அதே ஏத்த இறக்கம், மேல மட்டும் வேற வரி. மொத தடவ கேக்குற யாரும் "அட, சுட்டுட்டாங்களே"ன்னுதான் சொல்வாங்க. ஆனா கிரெடிட்ட எடுத்துப் பாத்தா ரெண்டு பாட்டுலயும் ஒரே பேர் நிக்கும், பாட்டு எழுதுற டெஸ்மண்ட் சைல்ட்.

நடந்தது இதுதான். போனி டைலர் ஆல்பத்துக்கு புரொட்யூசர் ஜிம் ஸ்டைன்மன், அவர் சைல்டுகிட்ட பாட்டு கேக்கும்போதே வெர்ஸ் (கோரஸுக்கு முன்னாடி வர்ற வரிங்க) டினா டர்னர் மாதிரி இருக்கணும், கோரஸ் ஸ்பிரிங்ஸ்டீன் மாதிரி இருக்கணும்னு சொல்லித்தான் கேட்டாரு. அதாவது ஆர்டர் குடுக்கும்போதே இன்னொருத்தர் பாட்ட காட்டித்தான் குடுக்குறாங்க, எண்பதுகள்ல இது சர்வ சாதாரணம். சைல்ட் எழுதி குடுத்தாரு, பாட்டு வந்துச்சு, அமெரிக்கால டாப் 40 பக்கம்கூட எட்டிப் பாக்கல. அவருக்கு செம கடுப்பு. இது ஹிட் ஆக வேண்டிய கோரஸ், நிரூபிச்சு காட்டுறேன்னு மனசுல வச்சுக்கிட்டாரு. அந்த நேரத்துலதான் கிஸ் பேண்டோட பால் ஸ்டான்லி இவர பான் ஜோவி பசங்களுக்கு கைகாட்டி விடுறாரு. நியூ ஜெர்சில அந்த பேண்ட் கிடாரிஸ்ட் ரிச்சி சம்போராவோட அப்பா அம்மா வீட்டு பேஸ்மெண்ட்ல சைல்ட், ரிச்சி, பாடகர் ஜான் மூணு பேரும் உக்காந்தாங்க, சைல்ட் கையில தலைப்பு ரெடியா இருந்துச்சு, ஜான் பான் ஜோவி அதுக்கு முன்னாடி 'ஷாட் த்ரூ த ஹார்ட்'னு ஒரு வரிய சேத்தாரு. அந்த வரியும் புதுசு கிடையாது! 1984ல வந்த அவங்க மொத ஆல்பத்துலயே அதே தலைப்புல வேற ஒரு பாட்டு இருக்கு. ஆக மெட்டு சைல்டோட பழசு, மொத வரி ஜானோட பழசு, ரெண்டையும் ஒட்டவச்சதுல 1986 நவம்பர்ல அமெரிக்காவோட நம்பர் ஒன் பாட்டு.

இத வச்சு "பாத்தியா, எல்லாம் அரைச்ச மாவு"ன்னு சொல்றவங்கள நெறைய பாத்திருக்கேன், எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு இல்ல. ரெண்டு ரெக்கார்டையும் காது குடுத்து கேட்டா வித்தியாசம் பளிச்சுனு தெரியும். போனி டைலர் பாட்டுல அந்த கோரஸ் வர்றதுக்குள்ள ஒரு நீளமான பாதை நடக்கணும், கீபோர்டும் டிரம்ஸும் எல்லா இடத்தையும் ரொப்பி வச்சிருக்கு. பான் ஜோவி பாட்டுல மொத செகண்டே கோரஸ்தான், அதுவும் ஒரு வாத்தியம்கூட இல்லாம வெறும் தொண்டை, எல்லாரும் சேந்து கத்துறாங்க, அப்புறம்தான் கிடார் வந்து விழுது. வீட்டுக்குள்ள கடைசி ரூம்ல பூட்டி வச்சிருந்த பொருள எடுத்து வாசல்ல வச்ச மாதிரி. மெட்டு அதேதான், அத எங்க வைக்கிறோம்ங்கறதுதான் இந்த வித்தையில பாதி. சைல்ட் தன்னோட தோத்துப்போன பாட்டுல எது நல்லா இருந்துச்சுன்னு சரியா தெரிஞ்சு அத மட்டும் காப்பாத்தினாரு, அந்த பிடிவாதத்த நான் மதிக்கிறேன். 2020ல ஆவா மாக்ஸ் பாடுன 'கிங்ஸ் அண்ட் குயின்ஸ்' கேட்டவங்களுக்கு தெரியும், அதே கோரஸ் மறுபடி எழுந்து வந்துச்சு, சைல்ட் பேர் அங்கயும் இருக்கு.

கிடார் கைல வச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு சொல்றேன். 'யூ கிவ் லவ்' கோரஸ்ல சி மைனர், ஏ ஃபிளாட், பி ஃபிளாட், இந்த மூணு கார்டுதான் வண்டிய ஓட்டுது. இப்ப அதே ஆல்பத்துல இருக்குற 'லிவின் ஆன் எ பிரேயர்' எடுங்க, இதையும் அதே மூணு பேர்தான் எழுதினாங்க. கோரஸ்ல ஈ மைனர், சி, டி, அப்புறம் ஜி, சி, டி. ஆரம்ப மூணு கார்டும் அதே உறவுதான், ஸ்ருதி மட்டும் வேற. ஒரே ஆல்பம், ஒரே ஆளுங்க, ஒரே கார்டு வரிச, ரெண்டும் நம்பர் ஒன். ஆனாலும் ரெண்டையும் யாரும் ஒண்ணுன்னு கொழப்பிக்க மாட்டாங்க, ஏன்னா 'லிவின்'ல ஜி வந்ததும் மைனர்ல இருந்து மேஜருக்கு ஒரு கதவு தெறக்குது, வெர்ஸ்ல வேலை போயி காசு இல்லாம கஷ்டப்படுற டாமியும் ஜீனாவும் அந்த ஒரு கார்டுலதான் தல நிமிர்றாங்க. கடைசி கோரஸ்ல மூணு ஃப்ரெட் மேல ஏத்தி ஜி மைனர், ஈ ஃபிளாட், எஃப்னு போகும், ஏறுற எடத்துல ஒரு பீட்ட முழுங்கிட்டுதான் ஏறுவாங்க, நாம கால் தட்டிக்கிட்டு இருந்தா அந்த எடத்துல கால் தடுமாறும். நான் இத கிடார்ல மொதல்ல வாசிச்சு பாத்தப்போ அந்த தடுமாத்தம் இல்லாம நேரா எண்ணி வாசிச்சேன், சப்புனு இருந்துச்சு. அந்த ஒரு பீட் கொறையுறதுனாலதான் கடைசி கோரஸ் நம்மள புடிச்சு தூக்குது.

ஏற்ற இறக்கத்த நம்ம ஊர் கணக்குல சொல்லணும்னா இந்த மைனர் பாட்டெல்லாம் நடபைரவி, ஏசி டிசி பேண்டோட 'பேக் இன் பிளாக்' மாதிரி ஈ, டி, ஏ கார்டுல போறதெல்லாம் ஹரிகாம்போஜி பக்கம், சோலோ வாசிக்கும்போது முக்காவாசி கிடாரிஸ்டுங்க போற அஞ்சு ஸ்வரம் சுத்த தன்யாசி. ஒரே ராகத்துல ஆயிரம் கீர்த்தனை இருந்தா நாம யாரும் திருட்டுன்னு சொல்றதில்ல, ராகம் எல்லாருக்கும் பொது, அதுல நீ என்ன பண்ணுனன்னுதான் பாப்போம். ராக்ல கார்டு வரிசைக்கும் இதே நியாயத்த குடுக்கலாம்ங்கறது என் எண்ணம். மெட்டு வேற விஷயம், அதுக்கு வரேன்.

அந்த காலத்து பாட்டெல்லாம் ஒரே மாதிரி கேக்குறதுக்கு இன்னொரு காரணம் ரொம்ப நேரடியானது, பண்ணுன ஆளுங்களே கொஞ்ச பேர்தான். கனடால வான்கூவர்ல லிட்டில் மவுண்டன் சவுண்ட்னு ஒரு ஸ்டூடியோ, 1986ல நாம பாத்த ரெண்டு பான் ஜோவி பாட்டும் இருக்குற 'ஸ்லிப்பரி வென் வெட்', 1987ல ஏரோஸ்மித்தோட 'பெர்மனெண்ட் வெக்கேஷன்', 1988ல பான் ஜோவியோட அடுத்த ஆல்பம் 'நியூ ஜெர்சி', 1989ல ஏரோஸ்மித்தோட 'பம்ப்', மோட்லி க்ரூவோட 'டாக்டர் ஃபீல்குட்', த கல்ட்டோட 'சோனிக் டெம்பிள்', எல்லாமே அந்த ஒரே கட்டடத்துல பதிவானது. புரொட்யூசர் சீட்ல ப்ரூஸ் ஃபேர்பேர்ன், இல்லன்னா அவர்கிட்ட எஞ்சினியரா இருந்து வளந்த பாப் ராக். டிரம்ஸ் சத்தம் ஒரே மாதிரி பிரம்மாண்டமா இருக்கேன்னு தோணுனா அது பிரமை இல்ல. 'டாக்டர் ஃபீல்குட்' சவுண்ட கேட்டுட்டுதான் மெட்டாலிகா பாப் ராக்க கூப்பிட்டாங்க, அப்படி அந்த சத்தம் தொண்ணூறுகளுக்குள்ளயும் நடந்து போச்சு.

பாட்டு எழுதுறதுலயும் அதே கததான். ஏரோஸ்மித்தோட 'ஏஞ்சல்', 'டூட் லுக்ஸ் லைக் எ லேடி', ஜோன் ஜெட்டோட 'ஐ ஹேட் மைசெல்ஃப் ஃபார் லவிங் யூ', அலிஸ் கூப்பரோட 'பாய்சன்', கிஸ்ஸோட 'ஹெவன்ஸ் ஆன் ஃபயர்', இதுல எல்லாம் சைல்ட் கை இருக்கு. 'ஹைட் யுவர் ஹார்ட்'னு ஒரு பாட்டு, பால் ஸ்டான்லியும் சைல்டும் ஹாலி நைட்டும் எழுதுனது, 1988ல போனி டைலர் பாடினாங்க, 1989ல கிஸ் போட்டாங்க, அதே 1989ல கிஸ்ஸ விட்டு வெளிய போன ஏஸ் ஃப்ரேலியும் போட்டாரு! பழைய பேண்டும் பழைய கிடாரிஸ்டும் ஒரே வருஷம் ஒரே பாட்டோட கடைக்கு வர்றாங்கன்னா அந்த உலகம் எவ்வளவு சின்னதுன்னு பாத்துக்கங்க.

புரொட்யூசர் மட் லாங்க் பத்தியும் ஒரு வார்த்தை. 'ஹைவே டு ஹெல்', 'பேக் இன் பிளாக்' ரெண்டையும் ஏசி டிசிக்கு பண்ணி குடுத்துட்டு டெஃப் லெப்பர்டுகிட்ட வந்தாரு, 1983ல 'பைரோமேனியா', 1987ல 'ஹிஸ்டீரியா'. ஏசி டிசில அந்த கூட்டமா கத்துற கோரஸ் இருக்கே, அத எடுத்து குரல் மேல குரல் அடுக்கி அடுக்கி ஒரு சுவர் மாதிரி ஆக்குனாரு, 1991ல ப்ரையன் ஆடம்ஸுக்கும் அதே சுவர்தான். எனக்கு 'ஹிஸ்டீரியா' ரொம்ப புடிக்கும், அதுக்கு அப்புறம் வந்ததுல அந்த சுவர் இருக்கு, ஆனா உள்ள யாரும் குடியிருக்கல.

சரி, மெட்டுக்கு வரேன். ட்விஸ்டட் சிஸ்டரோட 'வி ஆர் நாட் கானா டேக் இட்', 1984. சர்ச்சுக்கு போற தமிழ் ஆளுங்களுக்கு 'பக்தரே வாரும்' தெரியாம இருக்காது, கிறிஸ்மஸ் வந்தா அந்த கீதம் இல்லாத ஆராதனையே இல்ல, இங்கிலீஷ்ல அதுதான் 'ஓ கம் ஆல் யி ஃபெய்த்ஃபுல்'. அந்த இங்கிலீஷ் கரோலோட மொத ஆறு ஸ்வரத்த பாடி பாருங்க, ச ச, கீழ ப, மறுபடி ச, ரி, கீழ ப. இப்போ ட்விஸ்டட் சிஸ்டர் கோரஸோட மொத வரி. அதே ஆறு. பாட்டு எழுதுன டீ ஸ்னைடரே இத வெளிப்படையா சொல்லியிருக்காரு, சின்ன வயசுல சர்ச் கொயர்ல பாடுனவரு, ஸ்லேடு பேண்டோட கும்மாளமும் இந்த கரோலும் சேந்து உள்ள ஊறி வெளிய வந்துச்சு. 2006ல ஒரு கிறிஸ்மஸ் ஆல்பம் போட்டு, அந்த கரோல தங்களோட பாட்டு கிடார் மேலயே ஏத்தி பாடிட்டாங்க. அத கேக்கும்போது எனக்கு ஒரு தனி சந்தோஷம் வரும், எங்க இருந்து வந்துச்சோ அங்கயே கூட்டிட்டு போயி நிறுத்துறாங்க.

ஏன் அது நல்லா வேலை செய்யுதுன்னா, அந்த கரோலே கூட்டம் சேந்து பாடுறதுக்குன்னு உண்டானது. குதிக்கிற இடம் ச-ப, எந்த தொண்டையும் தொடும், பாட தெரியாதவனும் தப்பு பண்ண முடியாது. ஒரு ஊர்வலத்துல கத்துறதுக்கும் அதே குணம்தான் வேணும். ஆஸ்திரேலியால க்ளைவ் பால்மர்னு ஒரு அரசியல்வாதி 2019 தேர்தலுக்கு இந்த மெட்டுல வரிய மாத்தி விளம்பரம் போட்டு, பாட்டோட உரிமை வச்சிருந்த யுனிவர்சல் மியூசிக் கம்பெனி கேஸ் போட்டு, 2021ல கோர்ட் 15 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கட்டுன்னு சொல்லிருச்சு. ஆறு ஸ்வரம் பழைய கீதத்துல இருந்து வந்திருந்தாலும் மொத்தமா பாத்தா அது ஸ்னைடரோட பாட்டுதான்னு நானும் சொல்வேன், வரிய மட்டும் மாத்திக்கிட்டு அப்படியே எடுத்தது வேற ரகம்.

தற்செயலா ஒத்துப்போறதும் உண்டு. கன்ஸ் அண்ட் ரோசஸோட 'ஸ்வீட் சைல்ட் ஓ மைன்' வெர்ஸ், டி, சி, ஜி, மறுபடி டி. ஆஸ்திரேலியன் க்ரால்னு ஒரு பேண்ட் 1981லயே போட்ட 'அன்பப்ளிஷ்டு க்ரிட்டிக்ஸ்' கேட்டா கார்டு, வேகம், பாடுற விதம் எல்லாம் பக்கத்துல பக்கத்துல இருக்கும். 2015ல இது பெருசா பேசப்பட்டப்போ கன்ஸ் அண்ட் ரோசஸோட பேஸ் கிடாரிஸ்ட் டஃப் மக்கேகன் ஒத்துமை பெருசுதான்னு ஒத்துக்கிட்டாரு, அந்த பாட்ட கேட்டதே இல்லைன்னும் சொன்னாரு. நான் அவர நம்புறேன். அந்த மூணு கார்ட எடுத்து நிதானமா வாசிச்சு மேல பாடுனா தொண்டை தானா அந்த பக்கம்தான் போகும், ஆனா ஸ்லாஷோட அந்த ஆரம்ப கிடார் அந்த பழைய பாட்டுல இல்லவே இல்ல, நமக்கு இந்த பாட்டுன்னாலே அந்த கிடார்தானே. த கல்ட்டோட 'லவ் ரிமூவல் மெஷின்' வேற கேஸ், அது ரோலிங் ஸ்டோன்ஸோட 'ஸ்டார்ட் மி அப்'ப தெரிஞ்சே தோள்ல தூக்கி வச்சு ஆடுறது, அதுல ஒளிவு மறைவே கிடையாது.

இப்போ பாடகர் டேவிட் கவர்டேலோட ஒயிட்ஸ்னேக் பேண்ட். 'ஹியர் ஐ கோ அகெய்ன்' 1982ல டேவிட் கவர்டேலும் பெர்னி மார்ஸ்டனும் எழுதி 'செயிண்ட்ஸ் அண்ட் சின்னர்ஸ்' ஆல்பத்துல வந்த பாட்டு. அதுல ப்ளூஸ் (கறுப்பின அமெரிக்கர்களோட பழைய இசை) வாசனை, ஆர்கன், கொஞ்சம் களைச்சுப்போன ஒரு மனுஷனோட குரல். 1987ல கெஃபன் கம்பெனில இருந்த ஜான் காலட்னர் வற்புறுத்தி அத திரும்ப ரெக்கார்ட் பண்ண வச்சாரு, 'ஹோபோ'ங்கற வார்த்தை 'ட்ரிஃப்டர்' ஆச்சு, ரேடியோவுக்குன்னு டேன் ஹஃப் கிடார் வச்சு இன்னொரு மிக்ஸ், அக்டோபர்ல நம்பர் ஒன். நம்பர் ஒன் ஆனது நியாயம்தான், ஆனா எனக்கு 1982தான் ஒசத்தி, தனியா நடக்குறேன்னு பாடுறவன் நெஜமாவே தனியா நடக்குற மாதிரி இருக்கும். 1989ல 'ஃபூல் ஃபார் யுவர் லவிங்'குக்கும் இதையே செஞ்சாங்க. ப்ளூஸ் கலைஞர் பிபி கிங் பாடணும்னு நெனச்சு எழுதுன பாட்டு அது, கிடாரிஸ்ட் ஸ்டீவ் வாய் வந்து சுத்தி சுத்தி வாசிச்சதுல பாட்டு மூச்சு முட்டிப்போச்சு. பழைய பாட்ட திரும்ப எடுத்தா எப்பவும் ஜெயிக்கும்னு கிடையாது.

அதே 1987 ஆல்பத்துல 'ஸ்டில் ஆஃப் த நைட்'. குரல் ஒரு வரி, நிறுத்தம், அப்புறம் கிடார் ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிடார் துணுக்கு), இது லெட் செப்பலின் 'பிளாக் டாக்'ல பண்ணுனது. நடுவுல எல்லாம் அடங்கி ஏதோ நடக்கப்போகுதுன்னு காத்துக்கிட்டு இருக்குற இடம், அது செப்பலினோட 'ஹோல் லாட்டா லவ்'. வீடியோல கிடார வில்லு வச்சு வேற இழுக்குறாங்க, செப்பலின் கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜ் பண்ணுன மாதிரியே. செப்பலின் பாடகர் ராபர்ட் ப்ளாண்ட் கடுப்பாகி கவர்டேல 'டேவிட் கவர்வெர்ஷன்'னு கூப்பிட்டாரு, கவர் வெர்ஷன்னா அடுத்தவங்க பாட்ட திரும்ப பாடுறது. ஆனா ஒயிட்ஸ்னேக் கிடாரிஸ்ட் ஜான் சைக்ஸோட அந்த ரிஃப் இருக்கே, அதோட எடையும் வெறியும் அவரோடது, எழுபதுகள்ல யாரும் அப்படி ஒரு சத்தம் எடுக்கல. அதனால இந்த பாட்ட நான் விட்டுக்குடுக்க மாட்டேன். 1988ல வந்த கிங்டம் கம்மோட 'கெட் இட் ஆன்' பத்தி அப்படி சொல்ல முடியல, செப்பலினோட 'காஷ்மீர்' பாட்டு நடைய எடுத்தாங்க, ப்ளாண்ட் தொண்டைய எடுத்தாங்க, எடுத்துட்டு அங்கயே நின்னுட்டாங்க. ஊரே 'கிங்டம் க்ளோன்'னு சொல்லுச்சு, கேரி மூர் 1989ல 'லெட் க்ளோன்ஸ்'னு பாட்டே போட்டுட்டாரு, ஆஸி ஆஸ்போர்ன பாட வச்சு. ப்ளாண்ட் தன் பங்குக்கு 1988ல 'டால் கூல் ஒன்'ல தன்னோட பழைய செப்பலின் ரிஃப்பையே சாம்பிள் பண்ணி போட்டாரு, பேஜையும் கூப்பிட்டு வாசிக்க வச்சு.

ஆனா இந்த 'ஹோல் லாட்டா லவ்' எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தாதான் இந்த பேச்சுல எனக்கு உண்மையிலேயே வலிக்கிற இடம் வருது. வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962ல பாடுன 'யூ நீட் லவ்', அத ஸ்மால் ஃபேசஸ் 1966ல எடுத்தாங்க, 1969ல செப்பலின் எடுத்தாங்க, டிக்சன் பேர் எங்கயும் போடல. அவரோட பொண்ணு ஷெர்லிதான் செப்பலின் பாட்ட கேட்டுட்டு இது உங்க பாட்டுப்பான்னு சொன்னாங்க. 1985ல கேஸ் போட்டாரு, 1987ல கோர்ட்டுக்கு வெளிய பேசி முடிச்சாங்க. அதாவது 'ஸ்டில் ஆஃப் த நைட்' ரேடியோல ஓடிக்கிட்டு இருந்த அதே வருஷம்தான், அதோட பாட்டனார் பாட்ட எழுதுனவருக்கு கணக்கு தீந்துச்சு, பாட்டு வந்து 18 வருஷம் கழிச்சு. சைல்ட் தன் கோரஸ தானே திரும்ப எடுத்தப்போ ராயல்டி அவருக்கே போச்சு, ஸ்னைடர் எடுத்த கரோல் யாருக்கும் சொந்தமில்லாத பழைய கீதம், கவர்டேல் எடுத்தது உலகத்துக்கே தெரிஞ்ச கோடீஸ்வர பேண்ட்கிட்ட இருந்து. டிக்சன் சிகாகோல ப்ளூஸ் பாடி வயித்த கழுவுன ஆளு, அவருக்கு ஒரு பேர் போடுறதுல யாருக்கு என்ன கொறஞ்சிருக்கும்? இவர மாதிரி ஏமாந்த ப்ளூஸ் கலைஞர்களுக்கு ராயல்டி வாங்கி குடுக்கன்னே ப்ளூஸ் ஹெவன்னு ஒரு அமைப்பு அவர் ஆரம்பிச்சாரு, இன்னிக்கி அது சிகாகோல பழைய செஸ் ரெக்கார்ட்ஸ் கட்டடத்துலதான் இருக்கு. டிக்சன் 1992ல போயிட்டாரு. இப்போ 'ஹோல் லாட்டா லவ்' போட்டு கிரெடிட்ட பாத்தா செப்பலின் நாலு பேரோட அவர் பேரும் இருக்கும்.